'என் தேநீர்க் கோப்பை அன்று': பொன்முடிச் சரிவில் ஒரு மரபுத்தொடர்

ஆங்கிலத்தில் நாள்தோறும் வழங்கும் மரபுத்தொடர்களுள் 'நாட் மை கப் ஆஃப் டீ' என்பது ஒன்று. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'அது என் தேநீர்க் கோப்பை அன்று' என வரும். தமிழில் இப்படி எழுதினால், கோப்பை மாறிவிட்டது போலும் என்றுதான் படிப்பவர் எண்ணுவார். ஆங்கிலத்தில் இதன் பொருள் வேறு. 'அது என் சுவைக்கு ஒத்ததன்று. எனக்கு அதில் நாட்டமில்லை' என்பதே கருத்து. கிரிக்கெட் பார்ப்பதில் விருப்பமில்லாதவர், திகில் படங்களை நாடாதவர், ஒரு மனிதரின் போக்கு பிடிக்காதவர் ஆகிய மூவரும் இதே தொடரைச் சொல்லலாம். பழிப்புக் குரல் இல்லாமல் மறுப்பைத் தெரிவிப்பது இதன் இயல்பு. 'அது மோசமானது' என்று சொல்லாமல் 'எனக்கு ஒத்துவரவில்லை' என்று விலகிக்கொள்வது போன்றது. உடன்பாட்டில் சொல்வது அருகியே காணப்படும், எதிர்மறையில்தான் பெருவழக்கு.

இந்திய ஆங்கிலத்தில் இத்தொடர் வேறு பொருளை மேற்கொண்டிருக்கிறது. போட்டித்தேர்வுப் பயிற்சி நிலையங்களில், மேடைப் பேச்சுகளில், செய்தித்தாள்களில் 'ஆட்சிப் பணித் தேர்வு எல்லாருடைய கப் ஆஃப் டீயும் அன்று' என்ற வாக்கியத்தைப் பலரும் கேட்டிருப்பீர்கள். இங்கே பேசப்படுவது விருப்பம் அன்று, திறன். 'அது எல்லாராலும் ஆகிற காரியமில்லை' என்பதே கருத்து. இங்கிலாந்தில் சுவையைக் குறித்த தொடர் இந்தியாவில் தகுதியைக் குறிக்கலாயிற்று. இதைப் பிழை என்று திருத்திவிட்டுப் போவது எளிது. ஆனால் ஒரு சமூகம் ஒரு சொல்லைப் பிறழ எடுத்துக்கொள்ளும்போது, அந்தப் பிறழ்ச்சிக்கும் ஒரு வரலாறு இருக்கக்கூடும். அவ்வரலாற்றைத் தேடும்போது, கோப்பையிலிருந்து அதிலுள்ள இலைக்கும், இலையிலிருந்து அது விளைந்த மலைக்கும் போக வேண்டியிருக்கிறது. இப்பதிவு திருவனந்தபுரம் மாவட்டத்துப் பொன்முடியை அந்த மலையாக எடுத்துக்கொள்கிறது.

1. இலைக்கு ஒரு வழி, நீருக்கு ஒரு வழி

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாக ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவில் உள்ளது பொன்முடி. கல்லாற்றைக் கடந்து 22 கொண்டையூசி வளைவுகள் ஏறினால் ஏறக்குறைய 1,100 மீட்டர் உயரத்தை அடையலாம். வழிநெடுகத் தேயிலைச் சரிவுகள். அங்கே செடியில் இருப்பதைத் தமிழரும் மலையாளிகளும் 'தேயில', 'தேயிலை' என்கின்றனர். கடையில் கேட்டு வாங்குவதோ 'சாயா'. ஒரே பொருளின் இலைக்கும் நீருக்கும் இரண்டு வேர்ச்சொற்கள்.

இவ்விரு சொற்களுமே சீனத்திலிருந்து வந்தவை. ஹொக்கியன் பேச்சில் 'தே'. பிற சீனப் பேச்சுகள் பலவற்றில் 'சா'. ஹொக்கியன் வழங்கும் துறைமுகங்களோடு வாணிகம் செய்த டச்சுக்காரர் வழியாகத் 'தே' மேற்கு ஐரோப்பாவுக்குச் சென்று, ஆங்கிலத்தில் 'டீ' ஆயிற்று. தரைவழி வணிகத்தோடு பாரசீகம், மத்திய ஆசியா என்று பரவியது 'சா'. மக்காவில் தங்கிய போர்ச்சுக்கீசியரும் அதையே எடுத்துச் சென்றனர். 'தே' என்பதோடு இலையையும் நீரையும் சேர்த்துத் தமிழ் தேயிலை, தேநீர் ஆகியவற்றை ஆக்கிக்கொண்டது. ஈழத்தமிழர் 'தேத்தண்ணீர்' என்றனர். மலையாளமோ இலையைத் 'தே'யிலும் நீரைச் 'சா'விலும் வைத்துக்கொண்டது. பொன்முடியில் ஒருவர் தேயிலை கிள்ளிவிட்டுச் சாயா குடிக்கும்போது, கடல்வழியும் தரைவழியும் ஒரே குவளையில் கூடுகின்றன.

2. வேலைக்காரியின் வாயிலிருந்து

ஆங்கிலேயருக்குத் தேநீர் பிறவிச் சொத்து அன்று. 1660 செப்டம்பர் 25ஆம் நாள் சாமுவேல் பீப்ஸ் தம் நாட்குறிப்பில், தாம் அதுவரை பருகியறியாத சீனப் பானம் ஒரு கோப்பை வரவழைத்ததாகக் குறித்திருக்கிறார். 'ஒரு கோப்பை தேநீர்' என்ற சொற்சேர்க்கை அங்கே வியப்புக்குரிய புதுப்பொருளைக் குறிக்கிறது. அதன் பின்னும் நூறாண்டுக்கு மேல் அது விலையுயர்ந்த பொருளாகவே இருந்தது. தேயிலை மீதான வரி 119 விழுக்காடாக உயர்ந்திருந்ததால் கள்ளக்கடத்தல் பெருகிற்று. 1784ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வரியை 12.5 விழுக்காடாகக் குறைத்த பிறகே தேநீர் எளியவர் வீட்டுக்குள் நுழைந்தது.

அடுத்த மாற்றம் விளைநிலத்தில் நிகழ்ந்தது. 1839இல் அசாம் தேயிலை லண்டனில் முதன்முறையாக ஏலத்துக்கு வந்தது. 1867இல் இலங்கையின் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். 1888இல், இங்கிலாந்து இறக்குமதி செய்த தேயிலையில் சீனத்தை இந்தியா முந்தியது. சீன வணிகரிடம் விலை பேசி வாங்கிய பொருள், ஐம்பது ஆண்டுக்குள் பேரரசின் சொந்தத் தோட்டத்து விளைபொருளாயிற்று. விலை சரிந்தது. ஆலைத் தொழிலாளி முதல் அரண்மனை வரை அனைவரும் அருந்தும் பானம் அது என்றான பின்னர்தான், ஆளுக்கொரு பதமும் பக்குவமும் வளர்ந்தன. ஒருவருக்குக் கடுப்பாக, ஒருவருக்கு மென்மையாக, ஒருவருக்குப் பால் முதலில், ஒருவருக்குப் பால் பின்னர். 'என் கோப்பை' என்று உரிமையோடு சொல்லக்கூடிய நிலை அப்போதுதான் பிறந்தது.

மரபுத்தொடரும் அக்காலத்தை ஒட்டியே எழுத்தில் தோன்றுகிறது. வில்லியம் டி மார்கன் 1908இல் வெளியிட்ட புதினம் ஒன்றில், ஒருவரைத் 'தேநீர்க் கோப்பை' என்று ஒரு பெண் குறிப்பிடுகிறாள். அத்தொடரை வீட்டு வேலைக்காரியிடமிருந்து அவள் எடுத்துக்கொண்டதாக ஆசிரியர் சொல்கிறார். புத்துணர்ச்சி ஊட்டுபவர் என்பது அதன் பொருள். ஓடுகளில் ஓவியம் வரைந்து புகழ்பெற்ற கலைஞரான டி மார்கன், முதுமையில் புதினம் எழுதத் தொடங்கியவர். அவர் பிறந்த ஆண்டும் அசாம் தேயிலை லண்டன் ஏலத்துக்கு வந்த 1839தான்.

1932இல் நான்சி மிட்ஃபோர்டின் புதினத்தில் இத்தொடர் இன்று நாம் அறிந்த 'என் சுவைக்கு ஒத்தவர்' என்ற பொருளில் வருகிறது. மிட்ஃபோர்ட் பிரபு குடும்பத்துப் பெண். எந்தச் சொல்லை உயர்குடியினர் சொல்வர், எதைச் சொல்லமாட்டார் என்று 1955இல் அவர் எழுதிய கட்டுரை இங்கிலாந்தில் பெரும் விவாதத்தைக் கிளப்பியது. வேலைக்காரியின் பேச்சாகக் காட்டப்பட்ட ஒரு தொடர், கால் நூற்றாண்டுக்குள் சொற்களால் குலத்தை அளந்தவரின் எழுத்திலும் இடம்பெற்றுவிட்டது. எதிர்மறை வடிவம் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பரவிற்று. 1940 ஜூலை முதல் இங்கிலாந்தில் தேயிலைக்குப் பங்கீடு. ஆளுக்கு வாரம் இரண்டு அவுன்ஸ் மட்டுமே. கிடைத்ததைக் குடிக்க வேண்டியிருந்த நாட்களில், 'அது என் கோப்பை அன்று' என்று மறுக்கும் தொடர் பேச்சில் வேரூன்றியது.

3. போன் அக்கார்டு போணக்காடு ஆன கதை

இங்கிலாந்தில் கோப்பை மலிவானபோது திருவிதாங்கூர் மலைகளில் என்ன நடந்தது?

திவான் தி. மாதவராவ் காலத்தில் (1858–1872) மலைநிலங்கள் ஐரோப்பியத் தோட்டக்காரர்களுக்குத் திறந்துவிடப்பட்டன. முதலில் நட்டது காப்பி. 1869இல் இலங்கையில் கண்டறியப்பட்ட காப்பி இலைத்துரு நோய் தென்னிந்தியாவுக்கும் பரவி, அடுத்த இருபதாண்டுகளில் காப்பித் தோட்டங்களைச் சீரழித்தது. அழிந்த காப்பியின் இடத்தில் தேயிலை ஏறியது. அதற்கு முன்பு அது காடு. காணிக்காரர் தேன் எடுத்தும் கிழங்கு அகழ்ந்தும் வாழ்ந்த இடம். தெய்வங்கள் பொன்னைக் காத்து நிற்கும் மலை என்பது பொன்முடிக்கு அவர்கள் வழங்கும் பெயர்க்காரணம்.

தோட்டங்களுக்கு இடப்பட்ட பெயர்களைக் கவனியுங்கள். மெர்ச்சிஸ்டன் என்பது எடின்பரோ நகரின் ஒரு பகுதி. மடக்கையைக் கண்ட ஜான் நேப்பியர் பிறந்த இடம். பிரைமோர் ஸ்காட்லாந்து மேட்டுநிலத்துப் பெயர். 'போன் அக்கார்டு' என்பது அபர்டீன் நகரின் முழக்கச் சொல். 'நல்லிணக்கம்' என்பது அதன் பொருள். வந்தவர்கள் தம் ஊரை மலையில் எழுதிவிட்டுப் போனார்கள்.

மக்கள் அதை வேறுவிதமாகப் படித்தார்கள். 'போன் அக்கார்டு' அவர்கள் வாயில் 'போணக்காடு' ஆயிற்று. 'அக்கார்டு' என்ற ஒலியில் அவர்கள் கேட்டது 'காடு'. காட்டை அழித்து வைத்த அயற்பெயருக்குள்ளேயே காட்டைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். அறியாத சொல்லை அறிந்த சொல்லின் வடிவுக்கு மாற்றிக்கொள்ளும் இவ்வியல்பை மொழியியலார் மக்கள் வழிச் சொற்பிறப்பு என்பர். ஒரு மரபுத்தொடரின் பொருள் இந்தியாவில் மாறியதற்கும் இதே இயல்பே வழிகாட்டுகிறது. அதைப் பின்னர்ப் பார்ப்போம்.

தோட்டங்களுக்கு ஆள் வேண்டும். தென்திருவிதாங்கூர் மலைகளுக்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் நாஞ்சில்நாட்டுப் பக்கத்திலிருந்தும் தமிழ்க் குடும்பங்கள் ஏறின. வறட்சியும் சாதியும் கீழே துரத்த, முன்பணம் மேலே இழுத்தது. ஆளைத் திரட்டியவர் கங்காணி. 'கண்காணி' என்ற தமிழ்ச் சொல்லின் மரூஉ அது. பிரிட்டிஷ் தோட்டக்காரர் தம் ஆங்கிலத்திலும் அதை எடுத்துக்கொண்டனர். தோட்டத் தொழிலாளரை இழிவாகச் சுட்ட ஆங்கிலம் வழங்கிய சொல்லும் தமிழின் 'கூலி'யோடு தொடர்புபடுத்தப்படுகிறது. முன்பணம் வாங்கியவர் வேலையை விட்டுச் சென்றால் அது கடன் வழக்கு அன்று, குற்றம் என்று பிரிட்டிஷ் இந்தியாவில் 1859ஆம் ஆண்டின் பணி ஒப்பந்த மீறல் சட்டம் வரையறுத்தது. அதை நீக்க 1925 வரை ஆயிற்று. வேலை பிடிக்கவில்லை என்று விலகுவது சிறைக்கு வழிகாட்டிய காலம் அது. கோப்பையைத் தேர்வதும் தள்ளுவதும் இங்கிலாந்தில் பேச்சு நயமாக மலர்ந்துகொண்டிருந்தபோது, இலை கிள்ளியவருக்கு மறுக்கும் உரிமையே சட்டத்தால் மறுக்கப்பட்டிருந்தது. இத்தொடரின் வரலாற்றை எழுதும் ஆங்கில அகராதிகளில் இந்தப் பாதிக்கு இடமில்லை.

4. லயத்துச் சொற்கள்

தோட்ட வாழ்க்கை ஒரு தனிச் சொற்றொகுதியை ஆக்கியது. வரிசை வீடுகளைக் குறித்த 'லைன்' என்ற ஆங்கிலச் சொல் 'லயம்' ஆயிற்று. இசையில் தாளத்தின் ஒழுங்கையும் மெய்ப்பொருளில் ஒன்றிக் கரைதலையும் குறிக்கும் சொல், பத்துக்குப் பன்னிரண்டடி அறைகளின் வரிசைக்கும் பெயரானது. காலையில் ஆள் எண்ணும் இடம் 'மஸ்டர்'. இலங்கை மலையகத்தில் அதுவே 'பெரட்டுக்களம்'. மேலாளர் 'துரை'. இரண்டு இலையும் ஒரு மொட்டும் சேர்ந்தது 'கொழுந்து'. அன்றாடம் எடுக்க வேண்டிய நிறை குறைந்தால் கூலியும் குறையும்.

அந்தக் கொழுந்து ஆலைக்குப் போய் வாடி, உருண்டு, புளித்து, உலர்ந்து, சலிக்கப்படுகிறது. முழு இலை, உடைந்த இலை, குருணை, தூள் என்று தரம் பிரிகிறது. நல்ல இலை நெடுந்தொலைவு போகும். கடைசிச் சல்லடையில் தங்கும் தூள்தான் தென்னிந்தியத் தேநீர்க்கடைகளின் 'டஸ்ட்'. 1930களில் அசாமில் உருவான, இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் எந்திர முறை இத்தகைய தேயிலையைப் பெருக்கிற்று. குறைந்த அளவில் மிகுந்த நிறமும் கடுப்பும் தருவதால், பாலும் சர்க்கரையும் சேர்த்து ஒரு கிலோவில் பல நூறு குவளை எடுக்கலாம். நாம் 'நல்ல ஸ்ட்ராங் டீ' என்று பாராட்டும் சுவை, நமக்குக் கிட்டிய தரத்தின்மேல் நாம் கட்டியெழுப்பிய சுவை.

இம்மலையின் மறுசரிவு திருநெல்வேலிச் சீமை. அங்கே சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுக்கப்பட்டது மாஞ்சோலை. அதன் தொழிலாளர்களுக்காக 1999 ஜூலை 23 அன்று நெல்லையில் நடந்த பேரணி தாமிரபரணிக் கரையில் 17 உயிர்களின் சாவில் முடிந்தது. குத்தகை 2028இல் முடிய இருக்க, தலைமுறைகளாக அங்கே இருந்தவர்கள் 2024இல் விருப்ப ஓய்வுத் தாள்களோடு மலையிறங்கத் தொடங்கினர். பொன்முடியையும் மாஞ்சோலையையும் பிரிப்பது மாநில எல்லை. லயமும் கொழுந்தும் துரையும் இரு பக்கமும் ஒன்றே. விளவங்கோடு முதலிய தென்வட்டங்கள் 1956 நவம்பர் 1இல் தமிழ்நாட்டோடு இணைந்தபோது, பொன்முடிச் சரிவின் தமிழ்க் குடும்பங்கள் கேரளத்தில் மொழிச் சிறுபான்மையினர் ஆயின.

5. யாருடைய குவளை?

இந்தியர் தேநீர் குடிக்கத் தொடங்கியது இயல்பாக நிகழ்ந்த மாற்றம் அன்று. 1903இல் தேயிலை ஏற்றுமதி மீது விதிக்கப்பட்ட தீர்வைப் பணத்தைக் கொண்டு பரப்புரை நடந்தது. 1930களின் பெருமந்தத்தில் வெளிநாட்டு விற்பனை தேங்கியதும், தேயிலைச் சந்தை விரிவாக்க வாரியம் ஊர் ஊராகச் சென்று செயல்முறை காட்டி இலவசமாக வழங்கியது. நகரத்து நடுத்தர வகுப்பு காப்பியைத் தன் அடையாளமாக்கிக்கொண்டபோது, தேநீர் உழைப்பாளரின் பானமாகத் தமிழகத்தில் நிலைகொண்டது. ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற கட்டுரையைப் படித்தவர்களுக்கு இப்பிளவு புதிதன்று.

தேநீர்க்கடை வந்ததும் குவளை பற்றிய கேள்வியும் வந்தது. ஆங்கிலேயர் 'என் கோப்பை' என்றபோது அது அவர் தேர்ந்தது. தமிழகத்து ஊர்களில் 'உன் குவளை' என்று ஒரு தரப்பு மக்களுக்குத் தனியே வைக்கப்பட்டது. அவர்களே கழுவி வைக்கவும் வேண்டும். இரட்டைக் குவளை என்ற பெயரில் அவ்வழக்கம் இந்நூற்றாண்டிலும் கள ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. கொட்டாங்குச்சியில் ஊற்றிக் கொடுத்த காலமும் உண்டு. 1955இலேயே தீண்டாமைக் குற்றச் சட்டம் இயற்றப்பட்டுவிட்டது. கடைக் கொடியில் தனிக்குவளை அதன் பின்னும் நெடுங்காலம் தொங்கியது.

பொன்முடிக்குப் போகும் சாலையில் உள்ள நெடுமங்காட்டுச் சந்தையும் இவ்வரலாற்றில் ஓரிடம் உடையது. சந்தைக்குள் நுழைந்து வாங்கவும் விற்கவும் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு உரிமை வேண்டி அய்யங்காளி அங்கே நடத்திய போராட்டம் 1912ஆம் ஆண்டினது. பொதுச்சாலையில் வில்வண்டி ஓட்டியும், பள்ளி நுழைவுக்காக வயல்வேலையை நிறுத்தியும் போராடிய அதே வரிசையில் அது வருகிறது. நான்கு ஆண்டுக்கு முன்புதான் லண்டனில் டி மார்கனின் புதினம் வெளிவந்திருந்தது. ஒரு நாட்டில் கோப்பை மனத்துக்கு இனியவரைக் குறிக்கும் உவமையாக எழுத்தில் ஏறிய காலத்தில், மற்றொரு நாட்டில் சந்தைக்குள் கால்வைக்கவே போராட வேண்டியிருந்தது.

6. சுவையிலிருந்து தகுதிக்கு

இப்போது தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்குத் திரும்பலாம். 'எல்லாருடைய கப் ஆஃப் டீயும் அன்று' என்பது இந்தியாவில் ஏன் திறனைக் குறிக்கலாயிற்று?

என் கருத்து இது. ஒரு பொருளைக் குறித்து நாம் முதலில் கேட்கும் கேள்வி 'உனக்குப் பிடிக்குமா' என்பதாக இருந்தால், கோப்பை சுவையின் உவமையாகவே நிற்கும். 'உனக்கு அது கிட்டுமா, உன்னால் ஆகுமா, நீ அதற்கு உரியவனா' என்பதே முதற்கேள்வியாக இருக்கும் சமூகத்தில், 'உன் கோப்பை அன்று' என்ற மறுப்பு தகுதியின் மறுப்பாகவே காதில் விழும். படிப்பு, பணி, பதவி எல்லாம் நெடுங்காலம் பிறப்பால் அளக்கப்பட்ட நாட்டில், அயல்மொழித் தொடர் ஒன்று தகுதியின் பக்கம் சாய்ந்ததில் வியப்பில்லை. 'அக்கார்டில்' காட்டைக் கேட்ட அதே செவிதான், 'டேஸ்ட்' இருந்த இடத்தில் 'தகுதி'யைக் கேட்டிருக்கிறது. இது ஊகமே; ஆயினும் அத்தொடர் நம் நாட்டில் எந்தச் சூழல்களில் மிகுதியாக வருகிறது என்று நோக்கினால், தேர்வு, உயர்பணி, ஆங்கிலம், கணிதம் என நுழைவு அரிதாக்கப்பட்ட துறைகளிலேயே வருவதைக் காணலாம்.

ஆகவே மொழிபெயர்ப்போர் முதலில் எந்த நாட்டுக் கோப்பை என்று பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் நூலில் வந்தால் 'எனக்கு அதில் நாட்டமில்லை', 'என் மனத்துக்கு ஒட்டவில்லை', 'எனக்குச் சரிப்படாது' என்று பெயர்க்கலாம். இந்தியச் செய்தியில் வந்தால் 'எல்லாராலும் ஆகிற காரியமில்லை' என்பதே பொருந்தும். 'என் தேநீர்க் கோப்பை அன்று' என்று இரண்டிடத்திலும் எழுதுவது பொருளைக் கெடுக்கும்.

அது பொருந்தாமைக்கு மற்றொரு காரணமும் உண்டு. தமிழில் தேநீர் தனக்கான உவமைகளை முன்பே ஆக்கிக்கொண்டுவிட்டது. 'வாங்க, ஒரு டீ சாப்பிடலாம்' என்றால் பேச வேண்டியது இருக்கிறது என்று பொருள். 'டீச்செலவுக்கு ஏதாவது' என்றால் கையூட்டு. 'டீக்கடை அரசியல்' என்றால் பொறுப்பில்லாத பேச்சு. அதுவே பலருக்கு முதல் அரசியல் பள்ளியும்கூட. 'அவர் வீட்டில் ஒரு டீத்தண்ணி குடித்ததில்லை' என்றால் உறவில்லை, அல்லது உறவு கொள்ள மறுக்கிறோம் என்று பொருள். ஆங்கிலத்துக் கோப்பை 'நான்' என்ற தனிமனிதரின் கையில் இருக்கிறது. தமிழ்க் குவளை கொடுப்பவர்க்கும் வாங்குபவர்க்கும் இடையில் இருக்கிறது. அதனால்தான் நம்மிடையே தேநீரை மறுப்பது சுவையைச் சொல்வதாகாமல், மனிதரை மறுப்பதாகிவிடுகிறது.

7. இன்று

போணக்காட்டில் தேயிலை ஆலை பல ஆண்டுகளாக இயங்கவில்லை. ஊதிய நிலுவையும் பணிக்கொடையும் கைக்கு வராமல், வேறு போக்கிடமும் இன்றி, இடிந்து விழும் லயங்களில் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்த செய்தி கேரள நாளேடுகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. வீடு, குடிநீர், மருத்துவம் ஆகியவை தோட்டத் தொழிலாளரின் உரிமை என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வகுத்தது. அதைச் செய்ய வேண்டிய முதலாளி தோட்டத்தைக் கைவிட்டால் யாரிடம் கேட்பது என்பதற்குத் தெளிவான விடை கிட்டவில்லை.

அங்கே பாழடைந்த துரை பங்களா ஒன்று உண்டு. அதில் வெள்ளைக்காரத் துரையின் மகள் பேயாக உலவுகிறாள் என்று இணையத்தில் பரவிய கதையை நம்பி இளைஞர்கள் வண்டியேறி வருகிறார்கள், காணொளி எடுக்கிறார்கள். அவர்கள் லயங்களைக் கடந்துதான் அங்கே போக வேண்டும். இறந்ததாகச் சொல்லப்படும் ஒரு வெள்ளைச் சிறுமிக்குக் கதை இருக்கிறது. உயிரோடு இருப்பவர்களின் நிலுவைக்கு அத்தனை பார்வையாளர் இல்லை.

தமிழிலக்கணத்தின் முதலாசிரியர் என மரபு போற்றும் அகத்தியர் பெயர் தாங்கிய அகத்தியர்கூடத்துக்கு (1,868 மீட்டர்) ஏறும் பாதை போணக்காட்டிலிருந்தே தொடங்குகிறது. அம்மலையடியில் நூற்றாண்டுக்கு மேலாகத் தமிழ் பேசி, இலை கிள்ளி வாழ்ந்தவர்களின் சொற்கள் எந்த அகராதியிலும் முழுமையாக ஏறவில்லை. கருவிகளின் பெயர்கள், நிறையில் கழிக்கும் முறைகள், கொழுந்தின் பருவங்கள், கங்காணியைக் கேலி செய்த தொடர்கள், அட்டை கடித்தால் போடும் மருந்து ஆகிய எல்லாம் பேச்சில் மட்டும் இருப்பவை. பிள்ளைகள் மலையிறங்கி மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் படிக்கிறார்கள்; அது அவர்களுக்குக் கிட்ட வேண்டிய வாழ்வு. ஆனால் பெற்றோரின் சொற்களைக் குறித்துவைக்கும் காலம் சுருங்கிக்கொண்டே வருகிறது.

பொன்முடி, போணக்காடு, பிரைமோர், மாஞ்சோலை, மூணாறு, வால்பாறை, நீலகிரி, இலங்கை மலையகம் ஆகிய இடங்களில் வேர் உடையவர்கள் இதைப் படித்தால், உங்கள் வீட்டில் வழங்கிய தேயிலைச் சொற்களைக் கீழே எழுதுங்கள். சொல், அதன் பொருள், எந்தத் தோட்டத்தில் வழங்கியது என்ற மூன்றும் இருந்தால் போதும். அச்சொற்கள் எல்லாவற்றையும் தொகுத்து, அனுப்பியவர் விரும்பினால் ஊர்ப்பெயரோடு, இங்கேயே வெளியிடுகிறேன்.